யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டாகப் பறக்க

டிசிஎஸ் வேர்ல்ட் என்ற கணினி விமான சிமுலேற்றரில் காசு குடுக்காமலே இணையம் வழியே கூட்டாகப் பறக்கலாம். எஸ்யு-25டி, டிஎஃப்-51டி விமானங்களும் கோக்கசஸ் வரைபடமும் இலவசம். முதலில் அப்டேட் செய்யுங்கோ. பதிப்பு ஒத்துவராவிட்டால் சேர்வர் உள்ளே விடாது.

ஐரோப்பிய சேர்வர்களில் பிங் (தரவு சேர்வருக்குப் போய்வரும் நேரம்) 200 மில்லிசெக்கன் காட்டினால் பயப்பட வேண்டாம். மணிக்கு 720 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 200 மீற்றர். தரவு 200 மில்லிசெக்கன் பிந்தினால் பக்கத்து விமானத்தின் இடம் 40 மீற்றர் பழசு. அந்த இடைவெளியை சிமுலேற்றர் வேகத்தையும் திசையையும் வைத்து ஊகித்து நிரப்பும். நேராகப் பறக்கும்வரை ஊகம் பிழையாகாது. லீட் (முன்னால் வழிநடத்தும் விமானி) சடாரென்று திரும்பும்போதுதான் அவரின் விமானம் துள்ளி உங்கள் செட்டையில் ஏறும். ஆகவே லீட் சாய்வை 30 பாகைக்குள், மெதுவாக எடுக்கவேணும். திரும்பமுதல் வானொலியில் சொல்லவும் வேணும். நெருங்கிப் பறந்து படம் எடுக்கிற ஆசையை நேரான ஓட்டத்துக்கு வையுங்கோ.

பிங்கை விட அது ஏறி இறங்குவதுதான் கரைச்சல். வைஃபையை விட்டு லான் வயரைக் குத்துங்கோ. நீங்களே சேர்வர் நடத்துவதானால் றவுட்டரில் 10308 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறக்கவேணும். 4ஜி றவுட்டர்களில் பெரும்பாலும் இது சரிவராது, பொது ஐபி முகவரி ஒன்றைப் பலருக்குப் பங்கிடுவார்கள். மற்றவர்களின் சேர்வரில் சேர்ந்து பறக்க மட்டும் 4ஜி போதும்.

புதிதாகத் திறொட்டில் (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) ஒன்றைக் கணினியில் செருகியதும் மூக்கு தானாகக் குத்துகிறதா? டிசிஎஸ் அதன் அச்சையும் பிட்ச்சுக்கு (மூக்கை ஏற்றி இறக்குவது) குடுத்திருக்கும். கொன்ரோல்ஸ் பக்கத்தில் அக்சிஸ் கொமாண்ட்ஸ் திறந்து, ஜொய்ஸ்ரிக் நிரலைத் தவிர மற்ற நிரல்களில் பிட்ச், ரோல் (பக்கவாட்டுச் சாய்வு) இரண்டையும் அழித்துவிடுங்கோ.