அப்பாவின் கோப்புக்காகக் கற்றுக்கொண்ட சில இணையக் கருவிகள்

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த பிறகும் அப்பாவுக்குத் திரையில் வாசிப்பது ஒத்துவரவில்லை. பத்து நிமிடம் போனைப் பார்த்தால் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்துவிடும். ஆனால் வாசிக்காமல் இருக்கவும் அவரால் முடியாது, அதுவும் விண்வெளி பற்றி. 1977-இல் வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் கிளம்பியபோது அவர் கல்லூரி மாணவர். அன்றிலிருந்து அவற்றை வெளியூர் போன பிள்ளைகளைப் போல விசாரித்துக்கொண்டே இருக்கிறார். "பேப்பர்ல எடுத்துக் கொடும்மா, நான் படிச்சுக்கிறேன்" என்றார். கன்ட்ரோல் பி தட்டினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் கட்டுரை 14 பக்கம் வந்தது. முதல் பக்கம் முழுக்க மெனு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குக்கீ அறிவிப்பு ஒரு கறுப்புப் பட்டையாக வந்து இரண்டு மூன்று வரிகளை மறைத்திருந்தது. படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை. கடைசி நான்கு பக்கம் 'இதையும் வாசியுங்கள்' வகை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாத பகுதிகளின் குறுக்கே பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே வாசித்தார். பட்டை மறைத்த இடம் வரும்போதெல்லாம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் இதை முறையாகச் செய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். அப்புறம் ஒரு வருடத்தில் பிடிபட்டதை எழுதி வைக்கிறேன். எல்லாமே காசு கொடுக்காமல் கிடைப்பவை.

அச்சு ஏன் இப்படி அலங்கோலமாக வருகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தளத்தைக் கட்டும்போதே, அச்சில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தனியாக எழுதி வைக்க முடியும். விக்கிப்பீடியாவை அச்செடுத்துப் பாருங்கள், மெனு தானாகவே காணாமல் போயிருக்கும். பல தளங்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. திரையில் ஒட்டிக்கொண்டே நிற்கும் பட்டை, அச்சில் பக்கத்துக்குப் பக்கம் திரும்ப வரும். படங்கள் விடுபடுவது வேறு கதை. பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக, நாம் கீழே போகப் போகத்தான் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கும். திறந்தவுடனே அச்சுக்கு அனுப்பினால் இறங்காத படத்துக்கு வெள்ளைத் தாள்தான். ஒரு முறை மெதுவாகக் கடைசி வரை உருட்டிவிட்டு வந்து பிரின்ட் கொடுத்தேன், பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன.

குக்கீ பட்டைக்கும் மெனுவுக்கும் இரண்டு வழி பிடித்தேன். ஒன்று பிரவுசரிலேயே இருக்கிற வாசிப்பு முறை. விண்டோஸில் ஃபயர்ஃபாக்ஸிலும் எட்ஜிலும் எஃப் 9 விசையைத் தட்டினால் போதும். சஃபாரியில் இது 2010-இலிருந்தே இருக்கிறது. விளம்பரம், ஓரப்பட்டி எல்லாம் உதிர்ந்து கட்டுரை மட்டும் நிற்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், வரிக்கும் வரிக்கும் இடைவெளி கூட்டலாம், பிறகு அச்சுக்கு அனுப்பலாம். அப்பாவின் கண்ணுக்கு எழுத்தின் அளவைவிட அந்த வரி இடைவெளிதான் அதிகம் உதவியது.

இரண்டாவது பிரின்ட்ஃப்ரெண்ட்லி என்ற தளம். கட்டுரையின் முகவரியை அதில் ஒட்டினால் சுத்தம் செய்த பிரதியைக் காட்டும். வேண்டாத பத்தியையோ படத்தையோ தொட்டால் அது போய்விடும். எழுத்து அளவு, பட அளவு இரண்டையும் மாற்றலாம். 14 பக்கம் வந்த அதே கட்டுரை இதில் 5 பக்கத்தில் அடங்கியது, அதுவும் பெரிய எழுத்தில். ஆனால் இந்தக் கருவிகள் எதுவானாலும் எது கட்டுரை, எது குப்பை என்று ஊகித்துத்தான் பிரிக்கின்றன. ஒரு தடவை கட்டுரைக்கு நடுவில் இருந்த அட்டவணையையே குப்பை என்று தள்ளிவிட்டது. "கீழே உள்ள அட்டவணைன்னு போட்டிருக்கு, அட்டவணையைக் காணோமே?" என்று அப்பா கேட்ட பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஓட்டம் பார்க்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். அச்சுப் பெட்டியில் தலைப்பு, அடிக்குறிப்பு என்று ஒரு தேர்வு இருக்கும். தாள் சுத்தமாக இருக்கட்டும் என்று அதை நான் எடுத்துவிட்டேன். அது தப்பு. அதை விட்டுவைத்தால்தான் பக்கத்தின் முகவரியும் அச்செடுத்த தேதியும் தாளிலேயே விழும். கையில் 40 தாள் சேர்ந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேறு வழியே இல்லை.

மதிய நேரத்துக்கு வேறு ஏற்பாடு. எட்ஜில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யு மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பக்கத்தை உரக்க வாசிக்கும். இந்தியத் தமிழுக்கு பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு குரல்கள் உண்டு. அப்பா வள்ளுவரைத் தேர்ந்தெடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், ஒரு பெயர் புரியாவிட்டால் மட்டும் எழுந்து வந்து திரையைப் பார்ப்பார்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள், "வாயேஜருக்கு மின்சாரம் எப்படி வருதுன்னு ஒண்ணு கொடுத்தியே, புளுட்டோனியம் பத்தி, அதை இன்னொரு பிரதி எடும்மா" என்றார். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக ஒரு ஃபோல்டரில் வைத்திருந்தேன். தேடல் பெட்டியில் 'புளுட்டோனியம்' என்று போட்டேன். ஒன்றுமே வரவில்லை. ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து கண்டுபிடித்தேன். கண்ணெதிரே பத்து இடத்தில் அந்தச் சொல் இருக்கிறது, அந்த ஃபைலுக்குள்ளேயே தேடினாலும் இல்லை என்கிறது. ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தேன். 'டோ' மூன்று துண்டாகச் சிதறிக் கிடந்தது: கொம்பு தனியே, 'ட' தனியே, கால் தனியே.

இது தமிழில் எழுதுகிற, சேமிக்கிற எல்லோருக்கும் வரக்கூடிய சிக்கல் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் 'டோ' என்பது முதலில் 'ட', அதன் பின்னால் ஓகாரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும்போதுதான் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது, கால் பின்னால் போகிறது. பிடிஎஃப் அடிப்படையில் எந்த வடிவம் தாளில் எந்த இடத்தில் என்று குறித்து வைக்கிற கோப்பு. அதிலிருந்து எழுத்தைத் திரும்ப உருவும்போது, உருவாக்கிய மென்பொருள் சரியாகக் குறித்து வைக்காவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே கொம்பு முதலில் வந்துவிடுகிறது. அப்புறம் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எல்லா பிடிஎஃப்-பும் இப்படி இல்லை. ஆனால் என் ஃபோல்டரில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன. உங்கள் சேமிப்பில் 'கொ', 'டோ', 'கை' மாதிரி எழுத்துள்ள ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிடுங்கள், ஒரு நிமிட வேலைதான்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது சிங்கிள்ஃபைல் என்ற, பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன். இலவசம், திறமூலம். ஐகானை ஒரு முறை தட்டினால், படங்கள் உட்பட மொத்தப் பக்கமும் ஒரே எச்டிஎம்எல் ஃபைலாக இறங்கிவிடும். இணையம் இல்லாமலும் திறக்கும். உள்ளே எழுத்து யூனிகோடாகவே இருப்பதால் தேடினால் கிடைக்கிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் புதிதாக அச்செடுத்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து பிடிஎஃப் அச்சுக்கு மட்டும், சேமிப்புக்கு சிங்கிள்ஃபைல் என்று பிரித்துவிட்டேன்.

சேமிப்பில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு வருடமாக லிங்க் போட்டுவந்த ஒரு 'பிறகு வாசிக்க' சேவை, மூடப் போகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பியது. ஏற்றுமதி செய்து பார்த்தால் தலைப்பும் முகவரியும்தான் வந்தன, கட்டுரைகள் வரவில்லை. முகவரிகளைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றிரண்டு அல்ல, நிறைய இறந்து போயிருந்தன. மனசு ரொம்பவே கனத்துவிட்டது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கெடுத்துச் சொன்னது: 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுக்குப் பிறகு கிடைக்கவில்லை.

செத்த முகவரிகளுக்கு வேபேக் மெஷினைத்தான் நம்பினேன். 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பு 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட சேவை. பழைய முகவரியை ஒட்டினால் எந்தெந்தத் தேதியில் நகலெடுத்தார்கள் என்று நாள்காட்டி போல விரிக்கும். அப்பா அடிக்கோடிட்டிருந்த ஒரு மேற்கோளின் மூலப் பக்கம் 404, அதாவது பக்கம் இல்லை, என்று நின்றது. வேபேக்கில் அதன் நகல் படங்களோடு கிடைத்தது. கிடைத்ததும் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது எனக்குப் பிடித்த எந்தப் பக்கத்தையும் அங்கே 'இந்தப் பக்கத்தைச் சேமி' பெட்டியில் நானே போட்டுவைக்கிறேன், நாளைக்குத் தேடி வருகிற யாருக்காவது உதவும். ஒன்று மட்டும் கவனம்: அங்கே சேமிப்பது ஊருக்கே தெரியும். சொந்த விவரம் இருக்கிற பக்கத்தை அதில் போடக் கூடாது.

கடைசியாகப் பின்தொடர்வது. 2025 பிப்ரவரியில் வாயேஜர் 1-இல் காஸ்மிக் கதிர்களை அளக்கும் கருவியை மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அணைத்துவிட்டார்கள். அப்பாவுக்கு அது வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. "யாரும் சொல்லவே இல்லையே" என்றார். உறவில் ஒரு செய்தி வீட்டுக்கு எட்டாமல் போனதுபோல இருந்தது அவர் குரல்.

தொடர்ந்து எழுதுகிற தளங்களுக்கு ஆர்எஸ்எஸ்தான் சரி: ஒரு தளத்தில் புதிதாக வருவதையெல்லாம் ஒரு பட்டியலாக, அதாவது ஃபீடாக, நமக்குத் தருகிற வசதி. 2013 ஜூலையில் அந்த ஃபீடுகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடர் மூடியதும் ஆர்எஸ்எஸ்ஸே முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. வேர்ட்பிரஸ், பிளாக்கர் தளங்களில் அது தானாகவே இருக்கிறது, யூடியூப் சேனல்களுக்கும் இருக்கிறது. ஃபீட்லி, இனோரீடர் போன்றவற்றில் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் ஃபீடை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். ஃபீட்லியின் இலவசக் கணக்கில் 100 தளம் வரை சேர்க்கலாம், எனக்கு 30-ஐத் தாண்டவில்லை. எது மேலே வர வேண்டும் என்று வேறு யாரும் முடிவு செய்வதில்லை, வந்த வரிசையில் வருகிறது. பட்டியலை ஓபிஎம்எல் ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்டால், இந்தச் சேவை மூடினாலும் வேறொன்றில் ஏற்றிக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை இறக்கி வைக்கிறேன்.

ஃபீட் இல்லாத பக்கங்களுக்கு டிஸ்டில் போட்டேன். ஒரு பக்கத்தில் மாற்றம் வந்தால் தெரியப்படுத்தும். வாயேஜர் இப்போது எங்கே இருக்கிறது என்று காட்டும் நாசா பக்கத்தை முழுசாகக் கண்காணிக்கச் சொன்னேன். அடுத்த நாள் காலையில் இன்பாக்ஸ் நிரம்பி வழிந்தது. காரணம் எளிது: விண்கலத்தின் தூரம் அந்தப் பக்கத்தில் நொடிக்கு நொடி ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பக்கம் 'மாறியிருக்கிறது'. எதைக் கண்காணிக்க வேண்டும் என்று குறுக்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் தொட்டுத் தேர்ந்தெடுக்க அதில் வசதி இருக்கிறது. எந்தக் கருவி ஓடுகிறது, எது அணைக்கப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுத்தேன். மின்னஞ்சல் நின்றது. இனி வந்தால் அது உண்மையான செய்தி. பிரவுசரிலேயே ஓடும்படி வைத்தால் கணினி அணைந்திருக்கும்போது அது வேலை செய்யாது. முக்கியமானதை அவர்கள் சர்வரில் ஓடும்படி வையுங்கள், இலவசத்தில் அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு.

நாம் கொடுக்கும் சொல் இணையத்தில் புதிதாக வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் கூகுள் அலர்ட்ஸும் வைத்திருக்கிறேன். சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டு, வாரம் ஒரு முறை அனுப்பு என்று வைத்தால் தொல்லை இல்லை.

இப்போது ஞாயிறு காலையில் நான்கைந்து கட்டுரை அச்சாகி அப்பாவின் கோப்புக்குள் போகிறது. மூன்றாவது கோப்பு நடக்கிறது. 2026 நவம்பரில் வாயேஜர் 1 பூமியிலிருந்து ஒரு ஒளிநாள் தூரத்தை, அதாவது ஒளி ஒரு நாளில் கடக்கும் ஏறக்குறைய 2,590 கோடி கிலோமீட்டரை, எட்டும் என்று கணக்குச் சொல்கிறது. போன வாரம் ஒரு தாளின் பின்பக்கத்தில் 'ஒளிநாள்' என்று எழுதி, "இதைப் பத்தி எது வந்தாலும் எடுத்து வையம்மா" என்று என்னிடம் கொடுத்தார். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு அலர்ட் போட்டாயிற்று.