பேனாவைக் கீழே வை

"பேனாவைக் கீழே வை, தம்பி." இதுதான் நான் சொன்னது. ஆறு வருஷம் ஆகிறது. "கிறுக்குறத நிறுத்து" என்றுதான் சொன்னேனோ என்று சில நாள் எனக்கே தோன்றும். அப்படிச் சொல்லியிருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். ஆனால் இல்லை, பேனாவைத்தான் சொன்னேன். அவன் அதை வைத்த விதம்கூட நினைவிருக்கிறது. மூடியைப் போட்டு, டெக் பேக்கின் (ஆடையின் படமும் அளவும் உள்ள தாள்கட்டு) மேல் குறுக்காக வைத்தான். அப்புறம் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் கொண்டுபோய்விட்டான்.

பின்னலாடை ஏற்றுமதியில், ஆர்டர் தரும் பையர் நேரில் வந்து உட்காரும் நாள் எப்படி இருக்கும் என்று, அந்த ஆர்டரைப் பேசி முடித்து அனுப்பும் மெர்ச்சண்டைசிங்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவு பார்க்கத் தைத்த ஃபிட் சாம்பிள்கள் மேசை முழுக்கக் கிடக்கும். எதிரில் இருப்பவர் கழுத்தை இழுத்துப் பார்ப்பார், இழுபடும் பட்டியான ரிப்பை நீட்டி விடுவார், பேசிக்கொண்டே போவார். அதில் எது கமெண்ட், எது வெறும் பேச்சு என்று பிரித்துக் குறித்துக்கொள்வது ஜூனியரின் வேலை. எனக்கு விலை இருக்கிறது, ஷிப்மென்ட் தேதி இருக்கிறது. ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து வைக்க என்னால் ஆகாது. அதற்குத்தான் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

பேச ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தற்செயலாக அவன் தாளைப் பார்த்தேன். டெக் பேக்கின் ஓரமெல்லாம் வளையங்கள். பையர் அனுப்பிய சட்டைப் படத்தின் கழுத்தைச் சுற்றி, கையைச் சுற்றி, அளவுப் பட்டியலின் கோடுகளுக்கு நடுவில். நான் நிமிர்ந்தபோது பையரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் முன்னாலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்திருக்கவும் கூடும். குனிந்து, தமிழில், மெதுவாகத்தான் சொன்னேன். மொழி தெரியாவிட்டால் என்ன, குரல் போதுமே. பையரின் உதவியாளர் பெண் சட்டென்று தன் லேப்டாப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு கூட்டம் இன்னும் நாற்பது நிமிடம் நடந்தது.

அந்த நாற்பது நிமிடத்தில் எங்கேயோ ஓரிடத்தில் பையர் சொல்லியிருக்கிறார்: சிறுவர் சைஸ்களுக்கு மட்டும் பிரைஸ் டேக்கை பிளாஸ்டிக் டேக் பின்னில் மாட்ட வேண்டாம், நூலில் கட்டுங்கள் என்று. குழந்தைத் துணியில் இது சின்ன விஷயம் இல்லை. மறுநாள் அவர்களிடமிருந்து வந்த மெயிலில் பேக்கிங் பற்றிய பகுதி 'நேரில் பேசியபடி' என்ற ஒரு வரியோடு முடிந்திருந்தது. எங்கள் கூட்டக் குறிப்பான மினிட்ஸில் டேக் விஷயம் இல்லை. நானும் அதே அறையில்தான் இருந்தேன், எனக்கும் நினைவில்லை. ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் கார்ட்டனைத் திறந்தபோதுதான் தெரிந்தது. 3,600 பீஸ். பாலி பேக்கைப் பிரித்து, டேக் பின்னை வெட்டி, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்து, நூல் கட்டி, திரும்ப மடித்து உள்ளே போட வேண்டும். பேக்கிங் பெண்கள் இரண்டு ராத்திரி தங்கினார்கள். சரக்கு தேதிக்குப் போய்விட்டது. விமானத்தில் அனுப்பி ஏர் ஃபிரெய்ட் கட்டும் நிலை வரவில்லை. தொழிலில் இதைவிடப் பெரிய தவறுகளை நான் பார்த்திருக்கிறேன், செய்தும் இருக்கிறேன். அவையெல்லாம் மறந்துபோயின.

இரண்டாம் நாள் ராத்திரி அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இது எப்படித் தம்பி விட்டுப்போச்சு?"

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "நீங்கதானுங்க மேடம் பேனாவைக் கீழ வைக்கச் சொன்னீங்க."

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அந்த மீட்டிங் வரை அவனுக்கு நான் பையர் எதிரில் மேடம், மற்ற நேரமெல்லாம் அக்கா. அதற்குப் பிறகு எல்லா நேரமும் மேடம்தான். மாறியது எந்த நாள் என்று நான் கவனிக்கவே இல்லை. அந்த ராத்திரிதான் காதில் விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தது. படம் வரையாதே என்பதற்குத்தானே அப்படிச் சொன்னேன்? எழுத வேண்டிய இடத்தில் எடுத்து எழுத வேண்டியதுதானே? இருபத்துநாலு வயசுப் பையனுக்கு இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்? இன்றும் இந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் நாலு பேர் நடுவில் கை கட்டப்பட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறவன், 'இப்போது எடுக்கலாமா, எடுத்தால் அக்கா என்ன நினைப்பார்' என்று ஒவ்வொரு வரிக்கும் யோசித்துக்கொண்டிருந்திருப்பான். அந்த யோசனைக்கு நடுவில் டேக் பின் எங்கே காதில் ஏறும்? வீம்புக்கு எடுக்காமல் இருந்தானா, பயந்து எடுக்காமல் இருந்தானா என்று அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானா என்பது வேறு.

எல்லோரும் போன பிறகு ஃபைலிலிருந்து அந்த டெக் பேக்கை எடுத்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்த்தபோது கிறுக்கலாகத் தெரிந்தது சிங்கிள் ஜெர்சி. பின்னலாடைத் துணியைப் பூதக்கண்ணாடியில் வைத்தால் தெரியுமே, ஒரு கண்ணிக்குள் நுழைந்து மேலே வரும் அடுத்த கண்ணி, அதற்குள் இன்னொன்று, வரிசை வரிசையாக. அதைத்தான் வரைந்திருந்தான். வேகமாகப் போட்ட கோடுதான், ஆனாலும் எந்த நூல் மேலே போகிறது, எது கீழே போகிறது என்பதில் ஓரிடத்திலும் பிசகு இல்லை. கழுத்துப் பக்கம் கண்ணிகள் நெருக்கமாக இருந்தன. கண்ணிகளுக்கு உள்ளேயே பொடி எழுத்தில் துணியின் எடை, ரிப்பின் அளவு, சாய மாதிரி பற்றிய குறிப்புகள்: '160 ஜிஎஸ்எம்', 'ரிப் அரை செ.மீ. குறை', 'நேவி லேப் டிப் மறுபடி'. மினிட்ஸில் சரியாக இருந்த பாயிண்ட் அத்தனையும் அந்த வளையங்களுக்குள் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரிசை பாதியில் நின்றிருந்தது. கடைசிக் கண்ணி மூடப்படவில்லை. அதற்குக் கீழே வெறும் தாள்.

இதை வைத்து, கிறுக்கியதால்தான் அவனுக்குக் காது கேட்டது என்று முடிவு கட்டிவிடலாம். கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நம்பினேன். அதற்குத் துணையாகப் படிக்கவும் ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளரின் ஆய்வு ஒன்று 2009இல் வெளிவந்தது. 40 பேரைக் கூட்டி, வேண்டுமென்றே சலிப்பாகப் பேசிய ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்க வைத்தார். விருந்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேருக்கு, கேட்டுக்கொண்டே தாளில் அச்சிட்ட சதுரங்களையும் வட்டங்களையும் பென்சிலால் நிரப்பும் வேலையும் உண்டு. முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பரீட்சை: ஆள் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சொல்லுங்கள் என்று. பென்சில் ஓட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். சலிப்பான பேச்சைக் கேட்கும்போது மனம் பகல்கனவுக்குப் போய்விடும், கை ஒரு சின்ன வேலையில் இருந்தால் அவ்வளவு தூரம் போகாது என்பது அவர் தந்த விளக்கங்களில் ஒன்று.

படித்த அன்று அப்பாடா என்று இருந்தது. உடனே குற்ற உணர்வு. அப்புறம் நிதானமாகப் பார்த்தால், அங்கே பென்சில் ஓட்டியவர்கள் செய்ததும் இவன் செய்ததும் ஒன்றில்லை. அவர்கள் போட்டு வைத்த கட்டத்தை நிரப்பினார்கள். இவன் ஒரு துணியையே கட்டிக்கொண்டிருந்தான். அதுவே ஒரு பெரிய வேலை, காதைப் பிடுங்கிக்கொண்டு போகக்கூடிய வேலை. அதோடு கண்ணால் பார்த்து நினைவில் வைக்க வேண்டிய இடத்தில் தாளையே பார்த்துக்கொண்டிருந்தால் நஷ்டம்தான். மேசைமேல் கிடந்த சாம்பிளை அவன் பார்க்க வேண்டியவன். எல்லாவற்றுக்கும் மேல், அன்று கிறுக்கலைத் தடுத்ததால் அது தவறிப்போனதா, கையில் பேனாவே இல்லாததால் தவறிப்போனதா? பேனா இல்லாதவன் எதை எழுதுவான்? இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. இந்தச் சாதாரண விஷயத்தைச் சுற்றி வந்து தப்பிக்கத்தான் நான் பிளிமத் வரை போனேனோ என்று இப்போது படுகிறது.

ஆனால் அந்தப் படிப்பு என்னை வேறொரு இடத்தில் கொண்டுவிட்டது. கேன்சலான பர்சேஸ் ஆர்டர்களின் முதுகுப்பக்கத்தில் நானே வரைய ஆரம்பித்தேன். சாயப்பட்டறைக்குப் போன் போட்டு, "ஒரு நிமிஷம் மேடம், பார்த்துச் சொல்றேன்" என்று அவர்கள் போய்விடும் நேரங்கள் இருக்கின்றனவே, அங்கே. முதலில் அவன் வரைந்த கண்ணியைப் போட்டுப் பார்த்தேன், எனக்கு வரவில்லை. கை தானாகப் புள்ளி வைத்தது. மார்கழி வந்தால் அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் சிக்குக் கோலம் போட்டுப் பழகுவாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு, அது பொங்கும் வரை. "என்னம்மா யோசிக்கிற?" என்றால், "ஒண்ணும் யோசிக்கல, கை போகுது" என்பாள். அம்மாவின் முகம் அந்த ஐந்து நிமிடம் வேறு முகமாக இருக்கும். அது சந்தோஷம் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

எங்கள் வேலையில் எல்லாவற்றுக்கும் அப்ரூவல் வேண்டும். லேப் டிப்புக்கு, ஃபிட்டுக்கு, தயாரிப்புக்கு முந்தைய பிபி சாம்பிளுக்கு, நூலின் நிறத்துக்கு, லேபிளின் மடிப்புக்கு. ஒரு நாளில் நான் செய்யும் எந்தக் காரியமும் எங்கோ ஒருவர் 'ஓகே' என்று எழுதும் வரை முடிந்ததாகாது. ஐந்து புள்ளியைச் சுற்றி ஒரு கோட்டை வளைத்துக் கொண்டுவந்து தொடங்கிய இடத்தில் சேர்க்கும்போது, அது அங்கேயே முடிந்துவிடுகிறது. யாரும் பார்க்க வேண்டாம். தப்பாக வளைந்தால் அதுவே அடுத்த வளைவுக்கு வழி. ஷிப்மென்ட் நெருக்கடியில் பேசும்போது பேனா அழுந்தி அடுத்த தாள்வரை தடம் விழும். பத்து நிமிடம் போனால் தடம் மெலியும், மூச்சும் இறங்கியிருக்கும். சொல்ல நினைத்த கடுமையான வார்த்தை ஒன்று வாய்க்கு வராமலே போயிருக்கும். அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வண்ணம் தீட்டும்போதும் கிறுக்கும்போதும் சும்மா வரையும்போதும் நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதியில் இரத்த ஓட்டம் கூடியதைக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நல்லது கிடைத்தால் மனம் மகிழ்வதோடு தொடர்புள்ள பகுதியாம் அது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. அம்மா முகத்தில் பார்த்ததுதான்.

இந்த நிம்மதியைத்தானே அவன் கையிலிருந்து எடுத்தேன் என்று நினைக்கும்போது வரைவது நின்றுவிடும். பிறகு மறுபடியும் ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பையர் வந்தால் நான் வரைவதில்லை. அவருடைய டெக் பேக் அவருடைய பொருள், அதன் மேல் கோடு போடுவது மரியாதை இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நாளைக்கே ஒரு ஜூனியர் அப்படிச் செய்தால் தடுக்கத்தான் செய்வேன். அப்படியென்றால் நான் செய்தது சரியா? சொன்ன வார்த்தை மட்டும்தான் தப்பா? வேறு வார்த்தை போட்டிருந்தால் அவன் கை மேசைக்கு அடியில் போயிருக்காதா?

ஒரு வருஷம் கழித்து அவன் வேறு கம்பெனிக்குப் போனான். சம்பளம் கூட, மற்றபடி ஒன்றும் இல்லை என்றான். கடைசி நாள் அந்தத் தாளைக் காட்டிப் பேச வேண்டும் என்று டிராயரில் எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். அவன் வந்து நின்றபோது, "டீ குடிச்சிட்டுப் போ தம்பி" என்றுதான் வாயில் வந்தது. "சரிங்க மேடம்" என்று குடித்துவிட்டுப் போனான். தாள் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு பையர் மீட்டிங். புதிதாகச் சேர்ந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சு நீண்டுகொண்டே போனபோது அவள் பேனா டெக் பேக்கின் மூலையில் ஒரு சின்னச் சதுரம் போட்டது. அதற்குள் இன்னொன்று. இந்தத் தடவை நான் ஒன்றும் பேசவில்லை. என் நோட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து, மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினேன். இதில் போட்டுக்கொள் என்பதற்காகத்தான்.

அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "சாரி மேடம்" என்று உதடு மட்டும் அசைந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"இல்லம்மா, எடு, எழுது" என்றேன். பையர் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.