பிளேட்லெட் 40,000 என்றால் உடனே பதறாதீங்க

ஐப்பசி மழை பிடித்தாலே கடலூரில் மஞ்சக்குப்பம், முதுநகர் லேப்களில் டெங்கு பயத்தோடு கூட்டம்தான். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் (தட்டணு) எண்ணிக்கையை மெஷின் 40,000 என்று குறைவாகக் காட்டினால் நல்ல லேப் டெக்னீஷியன் அதை அப்படியே பிரிண்ட் போட்டுத் தரமாட்டார். முதலில் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். எடுத்தவுடன் 8 முதல் 10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் கட்டிவிடும். அடுத்து ஸ்லைடில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் குறிப்பாக ஓரங்களில் பிளேட்லெட் கொத்துகள் இருக்கிறதா என்று தேடுவார். சிலருக்குக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இடிடிஏ என்ற ரசாயனத்தாலேயே பிளேட்லெட்டுகள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்துகளைச் சரியாக எண்ணாது, எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். அப்போது நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கணும். அதில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் திரவம் சேர்வதால்தான் இந்தக் கணக்கு.

இரண்டாவது முறை ரத்தம் கேட்டால் தயவுசெய்து சண்டை போடாதீங்க, கையை நீட்டுங்க.