ஜாக்கி ஜோடியும் 54 டாலர் பெரியவரும்

போன வருஷம் மார்ச்சில், லாஸ் வேகாஸில், 1-3 டாலர் ஹோல்டம் போக்கர் மேசையில் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) எனக்கு ஜாக்கி ஜோடி வந்தது. இஸ்பேட் ஜாக்கி, ஆட்டின் ஜாக்கி. வலப்பக்கம் இரண்டு நாற்காலி தள்ளி ஒரு பெரியவர். 100 டாலரோடு உட்கார்ந்தவரிடம் 54 டாலர்தான் மிச்சம். பத்து ஆட்டத்தில் ஏழு ஆட்டம் உள்ளே வந்துவிடுவார். ஏஸ் ஒன்று இருந்தால் போதும், கூட இருப்பது மூன்றோ ஆறோ, கீழே வைக்க மாட்டார். அவர் 12 போட்டார். என் முன்னால் 400 டாலர் இருந்தது. சத்தமில்லாமல் நானும் தொகையை ஏற்றாமல் அதே 12 போட்டேன், அதாவது கால் செய்தேன்.

காரைக்குடியில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் ரம்மி கற்றவன் நான். "நல்ல சீட்டு வந்தா மூஞ்சில தெரியக் கூடாதுடா" என்பார். ரம்மி சேர்ந்த பிறகும் சேராதவர் மாதிரியே சீட்டெடுப்பார். அந்தப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. நல்ல ஜோடி வந்தால் பதுங்க வேண்டும் என்றே நினைத்தேன்.

எனக்கு அடுத்து, பொதுச் சீட்டு விழுந்த பிறகு கடைசியாக ஆடும் இடமான பட்டனில் இருந்தவர் 600 டாலர் வைத்திருந்தார். அவரும் 12 போட்டார். சீட்டு பார்க்கும் முன்பே கட்டாயமாக 3 டாலர் போட்டிருந்த பிக் பிளைண்டும் வந்தார். நாலு பேர், ஸ்மால் பிளைண்ட் கட்டாயமாகப் போட்ட 1 டாலரோடு நடுவில் 49 டாலர். பிளாப்பில், அதாவது முதல் மூன்று பொதுச் சீட்டில், ராஜா, எட்டு, நாலு. பெரியவர் மிச்சமிருந்த 42 டாலரையும் தள்ளிவிட்டார். ராஜா யாரிடம் இருக்கிறது? பெரியவரிடமா, எனக்குப் பின்னால் காத்திருக்கும் பட்டனிடமா? சீட்டைக் கீழே வைத்து ஃபோல்டு செய்தேன். பட்டனும் பிக் பிளைண்டும் ஃபோல்டு. பெரியவர் சந்தோஷமாகத் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். ஏஸ், எட்டு. என் ஜாக்கிகள் முன்னால் இருந்தன.

ஊருக்குத் திரும்பும் வழியில், பார்ஸ்டோ தாண்டும் வரை அந்த ராஜாவையே நினைத்துக்கொண்டு கார் ஓட்டினேன். 42 போட்டு 91 எடுக்கும் வாய்ப்பு அது. நூற்றுக்கு 32 தடவை ஜெயித்தாலே நஷ்டமில்லை. அவரைப் போல் விளையாடுபவரிடம் அதற்கு மேலேயே ஜெயிப்பேன். ஆனால் பின்னால் 600 டாலர்காரர் இருந்தாரே! அவர் இருக்கும்போது அந்தக் கணக்கு எனக்கு உதவவில்லை. பிளாப்பில் நான் பயந்தது பெரிய தப்பில்லை. பயப்படும் நிலைக்கு நானே வந்து உட்கார்ந்தேனே, அதுதான் தப்பு. அதைச் செய்தது நான் ஏற்றாமல் போட்ட முதல் 12 டாலர். அப்போதே ரெய்ஸ் செய்து, தொகையை ஏற்றியிருக்க வேண்டும்.

என்னோடு விளையாட வரும் தம்பி ஒருவன் போன வாரம் இதையே கேட்டான்: "அண்ணா, லூஸா, எந்தச் சீட்டுக்கும் ஆடுறவர்தானே, மெதுவா இழுத்தா என்ன? ரெய்ஸ் பண்ணி ஏன் விரட்டணும்?" அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். அந்த ரெய்ஸ் பெரியவரை விரட்ட இல்லை. அவர் எப்படியும் போக மாட்டார். அவருக்குப் பின்னால் இருப்பவர்களை விரட்டத்தான்.

கையில் இரண்டு ஜாக்கி இருக்கும்போது எதிராளிக்கு வரக்கூடிய இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் மொத்தம் 1225. அதில் நம்மை முன்கூட்டியே வென்றிருப்பவை ராணி ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ் ஜோடி. தலா 6, ஆக 18. ஏஸ்-ராஜா வந்திருந்தாலும் ஜாக்கிகள்தான் கொஞ்சம் மேலே, நூற்றுக்கு 54 முதல் 57. ஏஸ்-ஆறு போன்ற சீட்டுக்கு எதிரே பத்துக்கு ஏழு. சின்ன ஜோடிக்கு எதிரே பத்துக்கு எட்டு. எதையும் வைத்துக்கொண்டு வருபவர் என்றே வைத்துக்கொண்டாலும் நூற்றுக்கு 77. இவ்வளவும் ஒருவர் மட்டும் எதிரே இருந்தால். ஆள் கூடக் கூட இது கரைந்துவிடும். ஏஸ் ஜோடியே ஒருவருக்கு எதிராக நூற்றுக்கு 85, நாலு பேருக்கு எதிராக 56 தான்.

இன்னொன்றும் உண்டு. ஜாக்கி ஜோடியோடு பிளாப் பார்த்தால் நூற்றுக்கு 57 தடவை ராணியோ ராஜாவோ ஏஸோ ஒன்றாவது விழும். பாதிக்கு மேல்! ஒவ்வொரு தடவையும் மேசையில் உட்கார்ந்து மனசோடு போராட வேண்டும். 54 டாலர்காரரிடம் அந்தப் போராட்டமே தேவையில்லை. பிளாப்புக்கு முன்னாலேயே முழுப் பணமும் உள்ளே போய்விட்டால் எந்தச் சீட்டு விழுந்தாலும் என்னிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

அதனால் இப்போது அவர் 12 போட்டால் நான் 55 போடுகிறேன். அவரிடம் உள்ளது முழுவதற்கும் மேலே ஒரு டாலர். பத்தின் ஜோடியிலிருந்து ஏஸ் ஜோடி வரை இதே மாதிரிதான். ஏஸ் வந்தால் ஒளித்துவைக்க ஆசை வரும், தெரியும். ஒளிக்க வேண்டாம். கேட்காமலேயே பணம் போடுகிறவரிடம் பொறி எதற்கு?

ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். நாள் பூராவும் நாலு ஆட்டம்கூட ஆடாத ஆள், நிறைய சிப்ஸ் வைத்திருப்பவர், என் 55-க்கு மேலே 180 போட்டால் அது வேறு ஆட்டம். ஒருமுறை அப்படி நடந்தது. பெரியவரோடு நடுப்பணத்துக்கு எனக்கு நல்ல வாய்ப்புத்தான், ஆனால் பெரியவரிடம் இல்லாத மேல்பணம் சேரும் தனிக் குவியலில் (side pot) இந்த ஆளிடம் ஜாக்கி ஜோடி செல்லாது. 55-ஐ விட்டுவிட்டு ஃபோல்டு செய்தேன். அவர் ராஜா ஜோடியைக் காட்டினார். அந்த 55 டாலருக்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

தோற்காமலும் இல்லை. ஜூன் மாதம் ராணி ஜோடியை ராஜா-ஐந்து வைத்திருந்தவர் கடைசிப் பொதுச் சீட்டான ரிவரில் எடுத்துக்கொண்டு போனார். நெஞ்சு ஒரு நிமிஷம் கனத்தது. அடுத்த தடவையும் அதையேதான் செய்வேன் என்பதில் சந்தேகம் வரவில்லை.

இந்த மாதம் அதே பெரியவரைப் பார்த்தேன். அதே தொப்பி, முன்னால் 54-ஐ ஒட்டிய பணம். மறுபடியும் ஜாக்கி ஜோடி. அவர் 12, நான் 55. பட்டனில் இருந்தவர் வெகுநேரம் யோசித்துச் சீட்டை வீசினார். பிளைண்டுகளும் போனார்கள். பெரியவர் யோசிக்கவே இல்லை, தள்ளிவிட்டார். டைமண்ட் ஏஸ், கிளாவர் ஆறு. பிளாப்பில் ராஜா, ஒன்பது, நாலு. போன வருஷம் என்னை ஓடவைத்த அதே ராஜா. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். நாலாவது சீட்டான டர்னில் ரெண்டு, ரிவரில் ஏழு. காசினோ எடுக்கும் ரேக் போக நூற்றுச் சொச்சம் டாலர் என் பக்கம் வந்தது.

பெரியவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பையிலிருந்து 300 டாலர் எடுத்து வைத்துச் சிப்ஸ் வாங்கினார். அரை மணி கழித்து எனக்கு ராணி ஜோடி. அவர் 12 போட்டார். நான் இந்தத் தடவை 40 தான் போட்டேன். மற்றவர்கள் விலக, அவர் மட்டும் கால் செய்தார். இரண்டு பேரிடமும் நிறையப் பணம் பாக்கி இருந்தது. பிளாப்பில் ராஜா விழுந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தேன்.