எஃப்என்யூவை விட்டொழித்த கதை

அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணம் எடுத்த அன்று மாலையே பாஸ்போர்ட்டுக்கான டிஎஸ்-11 படிவத்தோடு உட்கார்ந்துவிட்டேன். அவசரத்துக்குக் காரணம் இருந்தது. விழா வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டை இனிப் பயன்படுத்தக் கூடாது. அக்கா மகளுக்குத் திருச்சியில் கல்யாணம், இன்னும் மூன்றே மாதம். கையில் இருந்ததெல்லாம் குடியுரிமைச் சான்றிதழ் என்ற ஒற்றைக் காகிதம்தான், அதைக் காட்டி விமானம் ஏற முடியாது.

நேர்காணல், குடிமையியல் கேள்விகள் எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்த கதை. எனக்குச் சிக்கல் முழுக்கப் பெயரில்தான்.

நம்மூர்க்காரர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. என் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. விசா அடித்தவர்கள் என்னுடைய ஒரே பெயரைத் தூக்கிக் கடைசிப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று போட்டார்கள். ஃபர்ஸ்ட் நேம் அன்னோன், அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். அதுவே கிரீன் கார்டில் ஏறியது, டெக்சாஸ் டிரைவிங் லைசென்ஸில் ஏறியது. பல் டாக்டரிடம் போனால் "மிஸ்டர் ஃப்னூ" என்று கூப்பிடுவார்கள், நானும் எழுந்து போவேன். பல வருடம் இப்படியே ஓடிவிட்டது.

அதனால் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றமும் கேட்டுவிட்டேன். தனிக் கட்டணம் கிடையாது, ஆனால் நீதிபதி முன்னால் நடக்கும் பிரமாண விழாவுக்குத்தான் போக வேண்டும், அதற்குக் கூடுதலாகக் காத்திருக்கவும் வேண்டும். என் பெயர் முதலில், அப்பா பெயர் கடைசியில். சான்றிதழ் அப்படியே வந்தது. கூடவே, இன்ன பெயர் இன்ன பெயராக மாற்றப்பட்டது என்று நீதிமன்ற முத்திரையோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். சான்றிதழிலேயே புதுப் பெயர் இருக்கிறதே, இது எதற்கு என்று அதை ஃபைலில் வைத்தேன். ஃபைலை வீட்டு அலமாரியில் வைத்தேன்.

படிவம் நிரப்புவது கஷ்டமில்லை என்பார்கள். ஒற்றைப் பெயர்க் குடும்பத்தில் பிறந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்பாவின் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். அப்பாவுக்கு ஆயுள் முழுக்க ஒரே பெயர்தான். கடைசிப் பெயர் இடத்தில் அதை எழுதி, முதல் பெயர் இடத்தில் தாத்தா பெயரை எழுதலாமா என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டு, என்-400-இல் எப்படி எழுதினேனோ அப்படியே எழுதினேன். அதில் எழுதியதன் நகலை வைத்திருந்ததால் தப்பித்தேன், நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அம்மாவின் பிறந்த தேதி. போனில் கேட்டால், "ஆடி மாசம், நல்ல மழை" என்றார். ஆதாரில் ஜூன் மாதம் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி. ஆதாரை நம்பினேன். பிறந்த ஊருக்கு இப்போது என்ன பெயரோ அதைத்தான் எழுதச் சொல்கிறது படிவம், அதனால் மெட்ராஸில் பிறந்த நான் சென்னை என்று எழுதினேன்.

இதற்குமுன் பயன்படுத்திய பெயர்கள் என்று ஒரு கட்டம் வரும். அதைக் காலியாக விட்டுவிடாதீர்கள். எஃப்என்யூவையும் சேர்த்துப் பழைய பெயரை அங்கே எழுத வேண்டும். நான் எழுதியிருந்தேன். முதல் நாள் நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

முதல் பாஸ்போர்ட் என்பதால் நேரில்தான் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருந்த விண்ணப்ப மையம் ஒன்றில் முன்பதிவு செய்து, அரை நாள் லீவு போட்டுப் போனேன். கவுண்டரில் இருந்தவர் படிவத்தை எடுத்த எடுப்பில் திருப்பிப் பார்த்தார். வீட்டுப் பிரிண்டர் தன் வழக்கப்படி தாளின் இரண்டு பக்கமும் அடித்திருந்தது. ஒரு பக்கம் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். அதோடு நான் வீட்டிலேயே கையெழுத்தும் போட்டிருந்தேன். அது அவர் முன்னால், உறுதிமொழி சொல்லிவிட்டுப் போட வேண்டிய கையெழுத்து. இரண்டும் என் தப்பு, படிவத்தோடு வரும் குறிப்பிலேயே இருக்கிறது.

அடுத்து, சான்றிதழின் நகல் எங்கே என்றார். அசலோடு நகலும் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் சான்றிதழிலேயே, உரிய அதிகாரமில்லாமல் இதை நகலெடுப்பது தண்டனைக்குரியது என்று அச்சடித்திருக்கிறதே! குடிமகனாகி ஒன்பதாவது நாளே குற்றவாளியாக வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதைச் சொன்னதும் பக்கத்துக் கவுண்டர் பெண்மணி சிரித்தார், இவர் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்காக எடுப்பது சட்டப்படி சரியான காரியம்தான், தைரியமாக எடுங்கள்.

இவற்றையெல்லாம் அங்கேயே சரிசெய்திருக்கலாம். லைசென்ஸைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது.

"ஃப்னூ யார்?"

நான்தான் என்றேன். படிவத்தில் அந்தப் பெயர் இல்லையே என்றார். பழைய பெயர்க் கட்டத்தைக் காட்டினேன். அது நீங்கள் எழுதியது, எனக்குக் காகிதம் வேண்டும் என்றார். சான்றிதழில் என் படம் இருக்கிறது, லைசென்ஸிலும் இருக்கிறது, நேரில் நானே நிற்கிறேன் என்றேன். புது லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று காகிதங்களை என் பக்கம் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். நீதிமன்றத் தாள் இருந்தால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப்போய் எடுத்து வந்திருப்பேன். வீடு இருபது நிமிடம்தான்.

அன்று இரவு அலமாரியில் அந்த ஃபைல் கண்ணில் பட்டபோது எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று சரியாகத் தெரியவில்லை.

அடுத்த முன்பதிவு எட்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது, அதுவும் வேறு ஊரில். அந்த இடைவெளியில் சமூகப் பாதுகாப்பு (சோஷியல் செக்யூரிட்டி) அலுவலகத்துக்குப் போய்க் குடியுரிமை விவரத்தையும் பெயரையும் மாற்றிவிட்டு வந்தேன். உண்மையில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு அசல் சான்றிதழை அனுப்பிவிட்டால் அது திரும்பும்வரை கையில் ஒன்றும் இருக்காது. பிரமாணம் எடுத்து 10 நாளாவது கழித்து அங்கே போகச் சொல்வார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் முறை காத்திருப்பு நாற்காலியில் இருந்தபோது உள்ளிருந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரோ நம்மூர்க்காரர் வந்திருக்கிறார் போல என்று சுற்றிப் பார்த்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோதுதான் அது நான் என்று உறைத்தது. அப்பா போய் ஆறு வருடமாகிறது.

அன்று இருந்த அம்மையார் நீதிமன்றத் தாளை ஒரு தடவை படித்தார், பழைய லைசென்ஸை வாங்கிக்கொண்டார், "இது போதும்" என்றார். புது லைசென்ஸ் பேச்சே எழவில்லை. ஒரே விதி, இரண்டு கவுண்டர். காசு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினேன். பாஸ்போர்ட்டுக்கு 130 டாலர், சீக்கிரம் வேண்டுமென்றால் இன்னொரு 60, இரண்டும் சேர்த்து வெளியுறவுத் துறை பெயருக்குச் செக் அல்லது மணி ஆர்டர். மையத்துக்கான 35 டாலர் தனி. ஒரே செக்கில் 225 எழுதி வைத்திருந்தேன், கிழித்துவிட்டு வேறு எழுதினேன். செக் புத்தகத்தையே கொண்டுபோனது நல்லதாயிற்று. போட்டோவுக்குக் கண்ணாடியைக் கழற்றியிருந்தேன், அதில் பிரச்சினை இல்லை.

பதினைந்தாம் நாள் பாஸ்போர்ட் வந்தது. உறையைக் கவிழ்த்து உதறினேன், சான்றிதழ் இல்லை. அது தனியாக வரும் என்று தெரிந்திருந்தும் தினமும் தபால் பெட்டியை இரண்டு முறை திறந்தேன். தொலைந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு 500 டாலருக்கு மேல் கேட்பார்கள் என்ற பயம். இன்னும் பதினொரு நாள் கழித்து, ஓரம்கூட மடங்காமல் வந்து சேர்ந்தது.

இனி இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், ஊர் போக ஓசிஐயோ (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விசாவோ எடுக்க வேண்டும். அங்கேயும் பழைய பெயர் வேறு, புதுப் பெயர் வேறுதான். நீதிமன்றத் தாளுக்கு நாலு நகல் எடுத்துவிட்டேன், ஒன்று காரிலேயே இருக்கிறது.

நேற்று பல் மருத்துவமனையிலிருந்து நினைவூட்டல் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஃப்னூ வர வேண்டுமாம்.