மல்லிகைக்குக் காலை ஏழரை

பினாங்கு ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில், ஐந்தாவது மாடி வராந்தாவில் எனக்கு ஒன்பது பூச்சட்டிகள். வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குத்தான் தண்ணீர் ஊற்றுவேன். மல்லிகை இலையெல்லாம் கரும்புள்ளி.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, “ராத்திரி இலைய நனைச்சா விடியிற வரைக்கும் காயாது தம்பி, பூஞ்சைதான் பிடிக்கும்” என்றார்.

சரி, இப்போது காலை ஏழரைக்கு, இலையில் படாமல் அடிமண்ணில் மட்டும். (1982-இல் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள், பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எட்டிப் பார்க்கிறது!) வெயில் ஏறுவதற்குள் வேர் குடித்துவிடுகிறது. முதல் நாள் மாலை மழை சாரல் அடித்திருந்தால் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பேன். ஈரம் இருந்தால் விட்டுவிடுவேன். அப்புறம் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும்.

புதுத் துளிரில் புள்ளி இல்லை. கறிவேப்பிலைதான் இன்னும் முறைத்துக்கொண்டு நிற்கிறது.