ஆள் மாறினாலும் ஆட்டம் மாறாத யூகி

நம்ம சேலத்து டென்னிஸ் குரூப்பில் இந்திய வீரர் யூகி பாம்ப்ரி பேரை எடுத்தால் "அவரு இன்னும் ஆடுறாரா?" என்று கேட்கிறார்கள். ஆடுறாரய்யா, நல்லாவே ஆடுறார்!

2009ல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம், 2018ல் ஒற்றையர் தரவரிசையில் 83, அப்புறம் முழங்கால் காயம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் போச்சு. திரும்பி வந்தவர் கொஞ்ச நாளில் ஒற்றையரை விட்டுவிட்டு இரட்டையருக்கே வந்துவிட்டார். 2023ல் மயோர்காவில் லாயிட் ஹாரிஸோடு பட்டம், 2024ல் மியூனிக், க்ஸ்டாட் இரண்டிலும் ஒலிவெட்டியோடு, 2025ல் துபாயில் பாப்பிரினோடு, அதே வருஷம் மைக்கேல் வீனஸோடு அமெரிக்க ஓபன் அரையிறுதி வரை. கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் அவருக்கு அதுதான் முதல் அரையிறுதி.

எனக்கு ஆச்சரியமே இந்த ஜோடி மாற்றம்தான். இங்கே அஸ்தம்பட்டி பக்கம் சாயங்காலம் வருஷக்கணக்காகச் சேர்ந்து ஆடும் அண்ணன்களே நடுவில் வரும் பந்துக்கு "உன்னுது, உன்னுது" என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள், பந்து பாட்டுக்குப் போய்விடும். அங்கே ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் டூர்) இரட்டையரில் ஒரு கேமில் 40-40 என்று சமமாக வந்தால் ஒரே பாயிண்டில் கேம் முடிந்துவிடும், அந்தப் பாயிண்டில் சர்வீஸை எதிர்கொள்வது யார் என்று சர்வீஸ் போடாத ஜோடிதான் முடிவு செய்யவேண்டும், ஆளுக்கொரு செட் ஆனால் மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் பாயிண்ட் டைபிரேக். யோசிக்கவே நேரம் கிடையாது. புது ஆளோடு நின்று இதைச் சமாளிப்பது, என்னைக் கேட்டால், சர்வீஸ் வேகத்தைவிடப் பெரிய திறமை.

அடுத்த கிராண்ட்ஸ்லாமுக்கு யாராவது சேர்ந்து பார்க்க வர்றதா இருந்தா சொல்லுங்க, டீ என் செலவு.